கதவில் தொங்கிய நீலப் பை

நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலைச்சரிவில் வெடிப்பு விழுந்திருந்தது. மூன்று நாளாக விடாத மழை. "மண்ணு சரியப் போகுது, எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிருங்க!" என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டே கணவரிடம் சொன்னேன்:

"ஏங்க, கதவுல நீலப் பை தொங்குது, அத எடுத்துட்டு வாங்க."

பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு எல்லாம் அதில்தான். மனிதர் அதைச் சட்டைக்குள் வைத்து, ஒரு துளி நனையாமல் கொண்டுவந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களைப் பதிவெடுக்க வந்த உத்தியோகத்தர் முன்னால் பையைத் திறந்தேன். உள்ளே கொத்தமல்லி விதை! மாமியார் சந்தையில் வாங்கி அதே கதவில் மாட்டி வைத்தது.

"ரெண்டும் நீலந்தானே!" என்றார் கணவர்.

"நாம பொறந்தத இனி கொத்தமல்லிதான் வந்து சொல்லணும்," என்றேன்.

உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். தடிமன் பிடித்து மூக்கு ஒழுகிச் சிவந்திருந்தது. பையை எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, பத்திரத்தைப் பிறகு பாப்பம். உதில கொஞ்சம் அவிச்சுத் தாறீங்களோ?"

மாமியாருக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, பள்ளிச் சமையலறையில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். கொத்தமல்லி வறுபடும் வாசனை மண்டபத்துக்குள் நுழைந்ததும் நாற்பது குடும்பமும் இருமத் தொடங்கியது. அதுவரை நன்றாக இருந்தவர்கள்தான் அதிகமாக இருமினார்கள்.

எனக்குக் கோப்பை கிடைக்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டி மூடியில் ஊற்றித் தந்தார்கள். இஞ்சி மணத்தோடு ஆவி முகத்தில் பட்டது. ஈரத்தில் விறைத்திருந்த விரல்கள் இளகின. வீடு நிற்குமா என்ற கவலை தீரவில்லை. ஆனால் அந்த ஒரு மடக்கை விழுங்கும் நேரம் அது என்னைத் தொடவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

நான்காம் நாள், லயத்துக் கதவிலேயே தொங்கிய மற்ற நீலப் பையில் பத்திரங்கள் கிடைத்தன. கல்யாணப் பதிவில் கணவரின் கையெழுத்தை மட்டும் எலி தின்றிருந்தது. லயம் விழவில்லை. ஆனால் இனி அங்கே குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது தோட்டத்துக் கைக்குழந்தைகளை முன்பு பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக் காம்பராவில் இருக்கிறோம். தகரத்தில் மழை விழுந்தால் இன்னமும் மலைச்சரிவைத்தான் எட்டிப் பார்ப்பேன். உடனே கொத்தமல்லியைக் கொதிக்க வைத்து, ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

"என்ன புள்ள, காய்ச்சலா?" என்பார் கணவர்.

"இல்லங்க, மழை."

அவரும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை இருமுவார்.