ரேடியேட்டருக்குத் தோல் போர்த்தி வேலூர் போன கதை

ஆம்பூரிலிருந்து வேலூருக்கு அடிக்கடி காரில் போகிறவர்களுக்காகவும், மைலேஜ் கூட்ட இணையத்தில் வழி தேடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இது சுற்றுலா இல்லை. என் மனைவி மலருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து ஒன்றரை வருடம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி காலை ஏழரைக்கு வேலூரில் டயாலிசிஸ். போக 52 கிலோமீட்டர், வர 52. எங்கள் பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 13.8 கொடுத்துக்கொண்டிருந்தது.

போன டிசம்பரில் ஓர் இணையக் குழுவில் படித்தேன். ரேடியேட்டரின் முன்பக்கத்தைப் பாதி மூடினால் இன்ஜின் சீக்கிரம் சூடேறும், பெட்ரோல் மிச்சமாகும் என்று போட்டிருந்தது. எழுதியவர் பனி கொட்டும் தேசத்துக்காரர். மாதனூர்ப் பக்கம் விடிகாலைப் பனியில் முன்னால் போகிற லாரியே தெரியாத மாதம் அது. நமக்கும் பொருந்தும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மற்றவர்கள் அட்டை வைப்பார்கள். நான் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் பதினாறு வருட சூப்பர்வைசர், அட்டை வைத்தால் என் கெத்து என்ன ஆவது? கழிவுத் தோலில் நல்லதாக இரண்டு துண்டு எடுத்து, கம்பெனியில் சோதிக்கிற மாதிரியே கொதிக்கும் தண்ணீரில் மூன்று நிமிடம் போட்டுப் பார்த்தேன். சுருங்கவில்லை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, முன்பக்கக் கிரில்லின் மேல்பாதியில் உள்பக்கமாகப் பொருத்தினேன். எல்லாம் எங்கள் சோல் பசைதான். அந்தப் பசையை நினைவில் வையுங்கள்.

ஜனவரியில் மைலேஜ் 15.1 வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏசி கிடையாது, எழுபதுக்கு மேல் வேகம் கிடையாது, கண்ணாடியை இறக்கினால் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் என்று நாலு கண்ணாடியும் ஏற்றியே இருக்கும். பனி போய் வெயில் வந்தும் தோலை எடுக்க மனம் வரவில்லை. வெயிலூர் என்று ஊரே கிண்டலடிக்கும் வேலூருக்கு மார்ச்சிலும் அதோடுதான் போய்வந்தேன்.

அந்த மார்ச்சில் ஒரு செவ்வாய் காலை 5.50க்குக் கிளம்பினோம். சனிக்கும் செவ்வாய்க்கும் இடைவெளி அதிகம், அதனால் அன்று மலருக்கு உடம்பில் நீர் ஏறி மூச்சு வாங்கும். கால் வீங்கிச் செருப்புக்கூட நுழையவில்லை. மாதனூர் தாண்டியதும் கேட்டாள்.

"ஏங்க, கண்ணாடிய கொஞ்சம் எறக்குங்க. காத்தே வர்ல."

"பள்ளிகொண்டா டோல்ல எறக்கறேன் மலரு. இப்ப எறக்குனா மைலேஜ் கம்மியாயிடும்."

அவள் முந்தானையால் விசிறிக்கொண்டாள். சூடு காட்டும் முள் வழக்கத்தைவிட மேலே இருந்தது. இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கிறது, இன்றைக்கு 15.5 வரும் என்று நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

டோலுக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், 6.20க்கு, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. வண்டி திணறி நின்றுவிட்டது. நெடுஞ்சாலையில் கை காட்டினால் யார் நிறுத்துவார்கள்? ஐம்பது நிமிடம் கழித்து ஒரு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு முப்பது ரூபாய். பள்ளிகொண்டாவிலிருந்து பஸ், உட்கார இடமில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது 8.40. அவள் மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவரும் நோயாளிதான். அடுத்த மெஷின் 2.15க்குத்தான் காலியானது. அதுவரை மலர் சுவரில் சாய்ந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். படுத்தால் இன்னும் திணறியது. நான் பக்கத்தில் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மெக்கானிக் ஜப்பார் பாய் பானெட்டைத் திறந்தார். மேல்பாதியில் ஒன்றாக ஒட்டியிருந்த துண்டுகளில் ஒன்று நழுவி, கீழ்பாதியை மூடியிருந்தது. ஓரத்தில் வழிந்திருந்த பசையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா சார், சோல் பசையா இது?"

"ஆமா பாய்."

"சூடு காட்டுனா இளகுமே சார். நீங்க தினம் அத சூடு காட்டித்தான ஒட்டுறீங்க?"

பதினாறு வருடமாகப் புதுப் பையன்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம் அதுதான். தோலைக் கொதிக்க வைத்துச் சோதித்தவன் பசையை மறந்துவிட்டேன். இன்ஜின் ஹெட் வளைந்துவிட்டது. "இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க சார், பேஜாருதான்" என்றார் பாய். வண்டி இன்னும் அவர் ஷெட்டில்தான் நிற்கிறது. வேறு வண்டி வாங்க வழியில்லை. மலரின் உடம்பு இந்த பஸ் பயணத்தை எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நம் ஊர் வெயிலில் ரேடியேட்டரை மூடாதீர்கள். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். நோயாளியோடு போகிறவர்கள் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஐந்து மணிக்கே வந்துவிடுங்கள், அப்போதுதான் இடம் கிடைக்கும். காலை வெயில் வலதுபக்கம் அடிக்கும், இடதுபக்கம் உட்காருங்கள். செவ்வாய்க்கிழமை அந்த பஸ்ஸில் கால் வீங்கிய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தால், முடிந்தால் ஜன்னல் ஓரத்தை அவளுக்குக் கொடுங்கள். கண்ணாடியை முழுக்கத் திறந்துவிடுங்கள். அவள் கேட்க மாட்டாள். என்னிடம் ஒரு முறை கேட்டுவிட்டாள்.