ஞானஜோதி டீச்சர் திருத்திய சொல்

பொழிச்சலூரில் ஞானஜோதி டீச்சரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய சிவப்புப் பேனாவுக்குத் தப்பியவர்கள் இல்லை. மளிகைக்கடைப் பலகையில் ஆரம்பித்து தேவாலய நோட்டீஸ் வரைக்கும் எங்கே எழுத்துப் பிழை கண்டாலும் அந்தப் பேனா கைப்பையிலிருந்து தானாக வெளியே வந்துவிடும். எதிர்வீட்டுச் சிட்டிபாபுவின் அப்பா செத்துக் கிடந்தபோது, சுவரில் ஒட்டிய போஸ்டரில் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று போட்டிருந்தார்கள். டீச்சர் மாலை வைக்கப் போனவர், முதலில் போஸ்டரிடம் போய் வல்லின றகரத்தை அடித்து இடையின ரகரம் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். பிணத்தைப் பார்த்தாரோ என்னவோ, பிழையைப் பார்த்துவிட்டார்.

எம்.ஏ. தமிழ், பி.எட். இருபத்தேழு வருஷ சர்வீஸ். கணவர் சுந்தர்சிங் டெலிபோன் இலாகாவில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரெல்லாம் பேச வயர் இழுத்துக் கொடுத்த மனிதர் வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டார். வாயைத் திறந்தால்தானே திருத்துவாள் என்கிற ஞானம் அவருக்குக் கல்யாணமான மறுவருஷமே வந்துவிட்டது. மகள் நாவலூரில் அடுக்குமாடியில் இருக்கிறாள். அங்கே பேரப்பிள்ளைக்கு ‘அ’ எது ‘ஆ’ எது என்று தெரியாது. அந்த வீட்டில் மட்டும் டீச்சரின் பேனா கைப்பையை விட்டு வெளியே வருவதில்லை. மாப்பிள்ளை வீடு, பாருங்கள்.

டீச்சர் வேலை பார்த்தது கீழ்க்கட்டளையில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில். பெயர் வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் விடுகிற கூட்டம். அந்த மாதிரி இடங்களில் தமிழ் மிஸ்ஸுக்கு என்ன மரியாதை உண்டோ அதுதான் அவருக்கும். கணக்கு மிஸ்ஸும் சயின்ஸ் மிஸ்ஸும் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது, தமிழ் மிஸ் காலையில் கேட்டில் நின்று பிள்ளைகளின் நகம், தலைமுடி, ஷூ பார்க்கவேண்டும். வேறு யாராவது என்றால் கூசிப்போயிருப்பார்கள். டீச்சர் அதை ஒரு பதவியாக எடுத்துக்கொண்டார். செருப்புப் போட்டு வந்த பிள்ளை கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கவேண்டும், முதல் பீரியட் முடிகிற வரைக்கும். ஏன் ஷூ இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேள்வி கேட்பது டீச்சர் வேலை என்று படித்தவர், கேட்டில் நிற்கும்போது மட்டும் அதை மறந்துவிடுவார்.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் தோத்தாத்ரிக்குத் திடீரென்று மனிதாபிமானம் பொங்கியது. கடலுக்கு அந்தப் பக்கம் யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருஷமும் பொங்காதது, தாம்பரத்தில் வேறொரு பள்ளிப் பிள்ளைகள் முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுகிறார்கள் என்று பேப்பரில் போட்டோ வந்த அன்றைக்குப் பொங்கியது. உடனே ஏழாம் வகுப்பு முழுவதும் பேனா நண்பர்கள் ஆக்கப்பட்டது. டீச்சர் போகும் தேவாலயத்தின் பாஸ்டர் சாலமன் வருஷத்துக்கு இரண்டு தடவை சபையின் நிவாரணச் சாமான்களோடு அந்தப் பக்கம் போய்வருகிறவர். அவர் கையில் கடிதக் கட்டைக் கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். டியர் ஃப்ரெண்ட், ஐ ஆம் ஃபைன், நாற்பது கடிதத்திலும் ஒரே வாக்கியம். பதில்கள் தமிழில் வந்தன.

“அவங்களுக்கு இங்கிலீஷ் வராதா, மேடம்?” என்றார் தோத்தாத்ரி.

“தமிழ்ப் பிள்ளைங்க, சார்.”

“நம்ம பிள்ளைங்களும் தமிழ்ப் பிள்ளைங்கதானே. எழுதுறாங்களே.”

 இருபத்தேழு வருஷத்தில் முதல்முறையாக அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. விடுவாரா? கடிதக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், பேனாவைத் திறந்து.

ஏழாம் வகுப்பு ஜெனிக்கு வந்த கடிதம் ஐந்தாவதாக இருந்தது. துஷாந்தினி என்ற பெண் எழுதியது. ‘அன்பின் ஜெனிக்கு’ என்று ஆரம்பித்திருந்ததை டீச்சர் ‘அன்புள்ள’ என்று மாற்றினார். அடுத்த வரிக்கு வந்தார். ‘மாசி மாதம் எங்கட பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. நான் நூறு மீற்றர் ஓட இருக்கிறன். என்னட்ட சப்பாத்து இல்லை. சப்பாத்து இல்லாமல் ஓட ஏலாது. அளவு பின்பக்கம் கீறியிருக்கிறன்.’

மீற்றரை மீட்டர் ஆக்கினார். சப்பாத்துவின் மேல் பேனா நின்றது. ‘து’வை அடித்தார். மேலே ‘தி’ போட்டார். ஓரத்தில், சப்பாத்தி, ஒரு மதிப்பெண் குறைப்பு என்று எழுதக் கை போனது, நல்லவேளை, அதை மட்டும் விட்டுவிட்டார்.

கேட்கிறவர்கள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். அந்த ஊரில் சப்பாத்து என்றால் ஷூ. அங்கே பிறந்த நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரியும். பாஸ்டரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். தனக்குத் தெரியாத தமிழ்ச் சொல் ஒன்று உலகத்தில் இருக்கும் என்பது டீச்சருக்குத் தோன்றவே இல்லை. கடிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் பென்சிலால் கோணல்மாணலாக ஒரு வட்டம், ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுங்கல். துஷாந்தினி தன் காலைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டிருந்தாள். டீச்சர் அதைச் சரியாகத் திரட்டாத சப்பாத்தி என்று கண்டுகொண்டார். கண் கலங்கியது. பாவம் பிள்ளை, இந்த அளவு கிடைத்தால் போதும் என்கிறது.

மறுநாள் அசெம்பிளியில் மைக்கைப் பிடித்துப் படித்தார். படித்ததோடு நிற்கவில்லை. உண்ணச் சப்பாத்தி இன்றி, ஓடத் தெம்பின்றி என்று தன் சொந்தச் சரக்கையும் சேர்த்தார். தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரசன்னா என்கிற ஆறாம் வகுப்புப் பெண் மட்டும் கையைத் தூக்கினாள்.

“மிஸ், அவங்க ஊர்ல சோறுதான சாப்பிடுவாங்க?”

“எதிர்த்துப் பேசாதே. உட்கார்.”

அவ்வளவுதான். சப்பாத்தித் திட்டம் ஆரம்பமாகிவிட்டது. கீழ்க்கட்டளை மளிகைக்கடைகளில் கோதுமை மாவு காலி. பெற்றோர் சங்கத்து அம்மாள் ஒருத்தி அரைவேக்காட்டுச் சப்பாத்தியே நூறு கொண்டுவந்து, கப்பலில் கெடாதா என்று யாரோ கேட்டதும் கோபித்துக்கொண்டு போனாள். வாசலில் பேனர் வைத்தார்கள். பேனரில் தோத்தாத்ரி முகம் பெரிதாக இருந்தது, முல்லைத்தீவு சின்னதாக இருந்தது.

திருத்தப்பட்ட கடிதம் ஜெனி கைக்கு வந்தது. ஜெனியின் அப்பா ஜாய்சன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். வருஷத்துக்கு ஒரு ஜோடி ஷூ, ஜூன் மாதம், அதோடு சரி. அந்தப் பெண் சிவப்பு மையை எல்லாம் பார்க்கவில்லை. கடிதத்தைத் தரையில் போட்டு, பின்பக்கக் கோட்டின் மேல் தன் காலை வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலில் இருந்து குதிகால் வரை அச்சாகப் பொருந்தியது. எம்.ஏ. தமிழ் படிக்காத பிள்ளை, அதனால் சட்டென்று புரிந்துவிட்டது.

மிஸ்ஸிடம் போய்ச் சொல்லலாம்தான். சொன்ன பிரசன்னாவுக்கு என்ன கிடைத்தது என்று எல்லாரும் பார்த்தார்களே. ஜெனி யாரிடமும் சொல்லவில்லை. பொங்கல் லீவு முடிந்து பெட்டிகள் கட்டிய அன்று, தன் ஷூவைப் பாலிஷ் போட்டு, நியூஸ்பேப்பரில் சுற்றி, துஷாந்தினி பெயர் போட்ட பெட்டியில் மாவுப் பாக்கெட்டுகளுக்கு அடியில் வைத்தாள்.

அவள் போனபிறகு டீச்சர் பெட்டிகளைச் சோதனை போட வந்தார். சோதனை போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவர் சுபாவம் அது. மாவுக்குக் கீழே காகிதப் பொட்டலம். பிரித்தால் போட்டுத் தேய்ந்த ஷூ.

“சாப்பிடுற பொருளுக்குள்ள செருப்பு. எந்தச் சனியன் பார்த்த வேலை இது?” என்றார். இரண்டு விரலால் தூக்கிப்போய்க் குப்பை வண்டியில் போட்டுவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவினார். பெட்டிகள் ஒட்டப்பட்டுப் போய்ச் சேர்ந்தன.

திங்கட்கிழமை ஜெனி ரப்பர் செருப்பில் வந்தாள். “வெளியே நில்” என்றார் டீச்சர். செவ்வாய்க்கிழமையும் நின்றாள். புதன், வியாழன், வெள்ளி என்று ஜனவரி முடிந்தது. குப்பையில் போட்ட ஷூவையும் வெயிலில் நிற்கிற காலையும் சேர்த்துப் பார்க்க டீச்சருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணும் முகத்தைத் தொங்கப்போடாமல், ஏதோ பெரிய காரியம் சாதித்தவளைப் போல நின்றாள். அது டீச்சருக்கு இன்னும் எரிச்சல்.

பிப்ரவரி முதல் ஞாயிறு பாஸ்டர் புறப்படுவதற்கு முன் ஜெனி தேவாலயத்தில் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தாள். அந்தப் பள்ளியிலிருந்து தமிழில் போன முதல் கடிதம் அதுதான், சிவப்பு மை படாமல் போனது. ‘மாவுக்கு அடியில என் ஷூ இருக்கு. உன் காலும் என் காலும் ஒரே அளவு. எனக்கு வேற ஷூ இல்ல. மிஸ் வெயில்ல நிக்க வைக்கிறாங்க. பரவால்ல. நீ நல்லா ஓடு.’

மார்ச் மாதம் பாஸ்டர் சாலமன் திரும்பிவந்தார். காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஜெனிக்கு என்று ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டு, வேலையிருக்கிறது என்று போய்விட்டார். தோத்தாத்ரிக்குத் தலைகால் புரியவில்லை. நன்றிப் பரிசு, போட்டோகிராஃபரைக் கூப்பிடு, அசெம்பிளியைக் கூட்டு என்று பறந்தார். டீச்சருக்குக் கடிதத்தை முன்கூட்டிப் பார்க்க, திருத்த, நேரமே கொடுக்கவில்லை. மேடையில் எண்ணூறு பிள்ளைகள் முன்னால் தோத்தாத்ரியே பெட்டியைத் திறந்தார். உள்ளே புத்தம்புது வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி.

“இன்னாது மேடம், நமக்கு ஷூ அனுப்பிருக்காங்க?” என்று தோத்தாத்ரி மைக்குக்கு எட்டாமல் கேட்டார். “சரி, லெட்டரைப் படிங்க.”

டீச்சர் படித்தார்.

‘அன்பின் ஜெனிக்கு. மாப் பெட்டி கிடைச்சது. அம்மா ரொட்டி சுட்டவ. உன்ர சப்பாத்து அதுக்குள்ள இல்லை. மாப் பைகளை எல்லாம் வெளியில எடுத்து வைச்சுத் தேடினம். வழியில எங்கேயோ விழுந்திட்டுது போல.’

சப்பாத்து என்ற இடத்தில் டீச்சர் குரல் நின்றது. பெட்டியில் ஷூ இருக்கிறது, காகிதத்தில் சொல் இருக்கிறது. எம்.ஏ. தமிழுக்கு இதற்கு மேல் விளக்கவுரை தேவைப்படவில்லை. குப்பை வண்டி ஞாபகம் வந்தது. 

“படிங்க மேடம்” என்றார் தோத்தாத்ரி.

‘நான் போட்டியில ஓடேல்லை. சப்பாத்து இல்லாததால விடேல்லை. அழுதனான். பிறகு எங்கட வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து எனக்கு ஒரு சோடி வாங்கித் தந்தவை. அதைத்தான் அனுப்புறன். நான் இன்னும் போடேல்லை. போட்டி இனி அடுத்த மாசிக்குத்தான். நீ பள்ளிக்கூடம் ஒவ்வொரு நாளும் போகவேணும். அதனால நீதான் முதல் போடவேணும். முகாமில இருந்த காலத்தில எங்களில ஒருத்தருக்கும் சப்பாத்து இல்லை. எங்கட டீச்சர் ஒருத்தரையும் வெயிலில விடேல்லை, மரத்துக்குக் கீழ வைச்சுப் படிப்பிச்சவ. உங்கட டீச்சருக்கு இதைச் சொல்லு.’

இதையும் படித்தார். அந்த வரிகளை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம், யாருக்குத் தெரியும். அவருடைய ஐம்பத்துமூன்று வருஷத்தில் பாராட்டச் சொன்னால் நான் பாராட்டுகிற இடம் இது ஒன்றுதான், அதுவும் அரைமனதாக. தோத்தாத்ரி மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, “எல்லாரும் க்ளாப் பண்ணுங்க” என்றார். பிள்ளைகள் தட்டவில்லை. எங்கே ஜெனி என்று அப்போதுதான் தேடினார்கள். அவள் எங்கே இருப்பாள்? டீச்சர் நிறுத்திய இடத்தில், கேட்டுக்கு வெளியே, ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைத் தாண்டி நடந்தார். கேட்டை அவரே திறந்தார்.

“மிஸ், அவ ஓடலயா?” என்றாள் ஜெனி.

“இல்லை.”

“என் ஷூ வழியில வுழுந்துடுச்சா?”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். முல்லைத்தீவுப் பிள்ளை அந்தப் பொய்யைக்கூட டீச்சருக்கு இலவசமாக அனுப்பிவைத்திருந்தது. டீச்சர் வாய் வரைக்கும் வந்த அதை விழுங்கினார்.

“வுழலம்மா. நான்தான் பெட்டியைத் தொறந்து எடுத்துப் போட்டுட்டேன். குப்பையில.”

  ஜெனி பெட்டியை வாங்கி, ஒரு ஷூவை எடுத்துத் தன் காலுக்குப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்தாள். சரியாக இருந்தது. போடவில்லை. திரும்ப உள்ளே வைத்து மூடினாள்.

“இதை அவளுக்கே அனுப்பிடலாம் மிஸ். அடுத்த வருசம் ஓடுவா. ஆனா இந்தவாட்டி பெட்டியை நீங்க தொறக்காதீங்க.”