ராணியை நானே காரில் ஏற்றிவிட்டேன்

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் எனக்குச் சமையல் வேலை. என் வீட்டுக்காரர் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். குடியிருப்பது எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில், ஒரு அறை, ஒரு அடுப்படி.

எங்கள் பங்களாவில் ஒரு வழக்கம் உண்டு. எஸ்டேட் மேனேஜர் துரை மாற்றலாகிப் போனால் மேஜை நாற்காலி எல்லாம் அடுத்த துரைக்கு, நாய் மட்டும் சமையல்காரருக்கு. அப்படி என் கைக்கு வந்தவள்தான் ராணி. வெளிர் மஞ்சள் நிற லேப்ரடார். துரை வைத்த இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையவில்லை, அதனால் ராணி ஆக்கிவிட்டேன். பங்களாவில் கோழியும் ரொட்டியும் தின்றவள், எங்கள் வீட்டுக் கஞ்சிக்கும் கருவாட்டுக்கும் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டாள். என் மகள் வயசுக்கு வந்தபோது சீராக வந்த எவர்சில்வர் தட்டு ஒன்று, மகள் பெயர் குத்தியது, அதில்தான் ராணிக்குச் சாப்பாடு. 'மகாராணி தட்டைப் பாரு' என்று லயத்தில் கேலி பண்ணுவார்கள்.

பிறகு சிறுத்தைப்புலி வர ஆரம்பித்தது. ஒரே மாதத்தில் லயத்து நாய்கள் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நாய் இருப்பதால்தான் புலி வருகிறது, சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடம் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பியது. அவர்கள் பயப்பட்டதில் தப்பே இல்லை. ராணியை நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணி, அவள் போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டோம். 'இலவசம். நன்றாக வளர்ப்பவர்களுக்கு மட்டும்.' அந்த இரண்டாவது வரியைப் போடச் சொன்னது நான்தான். ஏதோ திண்டுக்கல் பூட்டே போட்டுவிட்ட நினைப்பு எனக்கு!

மறுநாளே ஒருவர் கூப்பிட்டார். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஊர். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு காரிலேயே வந்து இறங்கினார். ராணிக்குப் பிஸ்கட், எங்களுக்குப் பழம். பேச்சில் அப்படி ஒரு மரியாதை.

"ஏனுங்க அக்கா, ஆபரேஷன் ஏதும் பண்ணிப் போடலீங்களே?" என்று கேட்டார். எத்தனை வயசு, குட்டி போட்டிருக்கிறதா, தவறாமல் பருவத்துக்கு வருகிறதா என்றெல்லாம் விசாரித்தார். எவ்வளவு அக்கறை என்று நான் பூரித்துப்போனேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோல், ஒரு குறையும் கிடையாது, மூன்று வயசுதான், இன்னும் குட்டியே போட்டதில்லை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அசல் லேப்ரடார்தான் என்று துரை விட்டுப்போன ஜாதிச் சான்றிதழையும் எடுத்துக் கொடுத்தேன்.

"இனி இது எங்க ஊட்டுப் புள்ளைங்க அக்கா" என்றார்.

ராணி காரில் ஏற மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டாள். நான்தான் தூக்கி உள்ளே வைத்தேன். அவள் பாயையும் தட்டையும் கூடவே வைத்தேன். பத்து நாள் போட்டோ வந்தது. பிறகு அவர் போனை எடுக்கவில்லை. நாய் சௌக்கியமாக இருந்தால் எதற்குப் போன் என்று நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் போயிற்று. எங்கள் பக்கத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவருக்கு லேப்ரடார் குட்டி வேண்டும் என்று ஆசை. பாலக்காட்டுப் பக்கத்தில் ஒரு புரோக்கர் கிடைத்தார். என் வீட்டுக்காரர் ஜீப்பில்தான் போனோம். 'அக்காவுக்கு நாயைப் பற்றித் தெரியும்' என்று என்னையும் அழைத்துக்கொண்டார் ஹோம்ஸ்டேக்காரர். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

புரோக்கர் ஒரு பேக்கரி வாசலில் அட்டைப்பெட்டியில் இரண்டு குட்டிகளோடு நின்றார். தாய் எங்கே என்று கேட்டேன். முதலில் பொள்ளாச்சி என்றார், அடுத்த நிமிஷம் கோயம்புத்தூர் என்றார். எனக்கு வாய் நீளம். தாயைக் கண்ணால் பார்க்காமல் குட்டி எடுக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். வியாபாரம் கெட்டுவிடுமே என்று, வேண்டாவெறுப்பாக எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒரு பழைய கோழிப்பண்ணை. ஜீப்பை விட்டு இறங்கும் முன்பே நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உள்ளே கோழிக்கூண்டு மாதிரி வரிசையாகக் கம்பிக்கூண்டுகள். எல்லாம் நாய். எனக்கு எண்ண மனசு வரவில்லை. தரையும் கம்பிதான், நின்று நின்று பாதமெல்லாம் புண். ஐயோ, இப்படியும் செய்வார்களா!

ஒரு அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்தவர், கள்ளம் தெரியாதவர். இத்தனை நாய் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "வளத்தறவங்களே கொடுக்கறதுதானுங்க. துபாய் போறவங்க, ஊடு மாத்தறவங்க, புள்ளைக்கு மூச்சு இளைப்புன்னு கொடுக்கறவங்க. இன்னொரு பண்ணையை மூடுனா அங்கிருந்தும் கொண்டாருவாங்க. பொட்டைக் குட்டில ரெண்டொண்ணை விக்காம நிறுத்திக்குவாங்க" என்றார், காய்கறி வாங்கும் கதையைப்போல.

கடைசிக் கூண்டில் ஒரு நாய் படுத்திருந்தது. முதுகில் முடி இல்லை. முலைகள் தொங்கிக் கம்பியில் உரசிப் புண்ணாகியிருந்தன. எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"எந்தப் பாவி இதைக் கொண்டாந்து இங்க தள்ளுனது? அவ நல்லாருப்பாளா?" என்று கத்தினேன்.

"அது மூணாறுப் பக்கம் எஸ்டேட்டுல ஒரு அக்கா சும்மாவே கொடுத்ததுங்க. பாயி, தட்டு எல்லாம் வெச்சு அனுப்புச்சாமுங்க. அந்தத் தட்டுதானுங்க அது" என்றார் கழுவிக்கொண்டிருந்த அம்மா.

கூண்டுக்குள் பார்த்தேன். நசுங்கிப்போன எவர்சில்வர் தட்டு. அதில் என் மகளின் பெயர்.

அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. நான் வளர்த்த நாயை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆனால் நான் கத்திய சத்தம் கேட்டே அவள் தலையைத் தூக்கியிருந்தாள். "ராணி" என்றேன். எழுந்திருக்க முடியாமல் வாலை மட்டும் அசைத்தாள்.

அதற்குள், ராணியைக் காரில் கொண்டுபோன அந்த ஆளே வந்துவிட்டார். கொஞ்சமாவது கூச்சம் இருக்கவேண்டுமே! "அடடே, எஸ்டேட் அக்காவா? வாங்க, வாங்க" என்கிறார். நான் வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "நான் என்ன திருடிட்டா வந்தேனுங்க? நீங்களே மனசாரத்தானுங்களே கொடுத்தீங்க" என்றார்.

ராணி இல்லாமல் நகர மாட்டேன் என்று கூண்டுக்கு முன்னால், அந்த அசிங்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தார். அந்த ஆள் ராணியை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "எடுத்துட்டுப் போங்க அக்கா. மூணு ஈத்து குட்டி எடுத்தாச்சு, இனி இது ஆகாதுங்க" என்று தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். நான் கொடுத்த மாதிரியே, சும்மா கொடுத்துவிட்டார்.

ராணியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் புகார் எழுதிக் கொடுத்தோம். பண்ணையை மூடினார்கள் என்று கேள்விப்பட்டோம். அந்த ஆள் தொழிலை விட்டிருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மிச்ச நாய்களை எங்கே கொண்டுபோனார் என்றும் தெரியவில்லை. குட்டி வாங்க வந்த ஹோம்ஸ்டேக்காரர், குட்டி வேண்டாம், ராணி போதும், புலிக்குப் பயமில்லாமல் ராத்திரி வீட்டுக்குள்ளேயே படுக்கட்டும் என்று தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். மாதக்கணக்கில் மருந்து போட்டுத் தேற்றினோம்.

வேலை முடிந்து தினமும் போய்ப் பார்க்கிறேன். என்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் புதிதாக யாராவது காரில் வந்து இறங்கினால் போதும், ஓடிவந்து என் சேலைக்குப் பின்னால் பதுங்கிக்கொள்கிறாள். தூக்கிக் கொடுத்த என்னையே காவல் என்று நம்புகிறாளே என்று, ஒவ்வொரு முறையும் நான் கூசிப்போகிறேன்.