லொறியில் ஏறச் சொன்னவன்

கதிராமன் கிழமையில் ஆறு நாள் திருகோணமலைத் துறைமுகத்தில் தச்சன். ஏழாம் நாள் சிப்பாய். தொண்டர் படையில் சேர்ந்து நாலு வருடமாகியிருந்தது. யாரும் அவனைப் பிடித்து இழுத்துச் சேர்க்கவில்லை. சுதந்திரம் கிடைத்த நாட்டைக் காக்கத் தன் கையும் வேண்டும் என்று நம்பி, தானாகப் போய்க் கையெழுத்து வைத்தவன். சப்பாத்தை முகம் தெரிய மினுக்குவான். சட்டம் என்றால் சட்டம் என்பான்.

1955இல், இந்தியாவிலிருந்து களவாக வந்து இறங்குகிறவர்களைப் பிடிக்கவென்று தொண்டர்களையும் கரைக்கு அழைத்தார்கள். கதிராமனின் அணிக்குக் குச்சவெளி கிடைத்தது. அணிக்குச் சார்ஜன், கிண்ணியா மஹ்ரூப்.

ஒரு காலை கரைவலைக்காரர் தங்கும் வாடியைச் சுற்றிவளைத்தார்கள். பத்திரம் காட்ட முடியாமல் நின்றவர்களில் ஒருவன் குஞ்சித்தம்பி, கதிராமனுடைய தங்கை சீதேவியின் புருஷன். வெருகல் ஆற்றுக்கு அப்பால் பிறந்தவன். சோளகக் காற்று வீசும் காலத்தில் வலை இழுக்க வடக்கே வருகிறவன்.

அவனிடம் பிறப்புப் பத்திரம் இருக்க வழியில்லை. ஆற்றுக்கு அப்பால் பிள்ளை பிறந்தால் ஊர்த் தலைவரான விதானையாரிடம் வாயால் சொல்வார்கள், அவர் தலையாட்டுவார், அதுதான் பதிவு. அரிசிக் கூப்பன் புத்தகம் வீட்டில் இருந்தது. கடல் வேலைக்குப் போகிறவன் அதைக் கொண்டு திரிந்து நனைப்பதில்லை.

மஹ்ரூப் கதிராமனை ஒரு பக்கம் இழுத்தார்.

"உன்ர மச்சானா? லொறி வர அரை மணித்தியாலம் கிடக்கு. பத்தைக்காட்டுக்குள்ளால போகச் சொல்லு. நான் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"அவர் ஏன் சார்ஜன் ஓடவேணும்? ரெண்டு எலெக்சனுக்கு வோட்டுப் போட்ட மனுசன். களவெடுத்தவரே?"

"விசர்க்கதை கதையாத. என்ர கையில சார்ஜன்ர மூண்டு பட்டிதான் கிடக்கு. லொறியில ஏறினவன இறக்க அது காணாது."

கதிராமன் கேட்கவில்லை. மச்சானிடம் போய், "ஏறுங்கோ. கப்டனுக்கு நான் சொல்றன். நாளையிண்டைக்கு வாடியில நிப்பீங்கள்" என்றான்.

குஞ்சித்தம்பி சிரித்தான். "நீங்கள் உடுப்போட நிக்கிறீங்கள், எனக்கென்ன பயம்?" தானே கால் வைத்து ஏறினான்.

கப்டனிடம் கதிராமன் சொன்னான். எழுத்தில் கேட்டார், எழுதியும் கொடுத்தான். கூப்பன் புத்தகத்தை எடுத்துவர இரண்டு நாள் லீவு கேட்டான். காவலுக்கு ஆள் குறைவு, பத்து நாள் பொறு என்றார்கள். பத்து நாளும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு அவனும் சீதேவியும் கொழும்பில் குஞ்சித்தம்பியைக் கொண்டுபோன தடுப்பு முகாமின் வாசலில் நின்றார்கள். அதிகாரி கூப்பன் புத்தகத்தைத் திறக்கவுமில்லை.

"இது அரிசி வாங்கினதுக்குச் சாட்சி. அந்த ஆளின்ர தகப்பன் இங்க பிறந்ததுக்கு என்ன சாட்சி?"

அந்த அதிகாரியின் தகப்பன் பிறந்ததற்கு யார் சாட்சி கேட்டார்கள்? ஆற்றுக்கு அப்பால் ஒரு பதிவுகாரரைக்கூட அனுப்பாத அரசாங்கம், அங்கே பதிவு இல்லையென்று ஒரு மனிதனைக் கடலுக்கு அப்பால் எறிகிறது. ஊரில் இதைத் தலைவிதி என்றார்கள். கோயிலில் தேங்காயும் உடைத்தார்கள். நாடு கடத்தும் உத்தரவின் அடியில் இருந்ததோ சம்பளம் வாங்கும் ஓர் உத்தியோகத்தரின் கையெழுத்து. குஞ்சித்தம்பியை மூன்று நாளைக்கு முன்பே தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டிருந்தார்கள்.

கதிராமன் உடுப்பை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

மார்கழியில் குஞ்சித்தம்பியின் கடிதம் வந்தது. இராமேசுவரத்தில் யாரோ எழுதிக் கொடுத்தது. சீதேவிக்கு வாசிக்கத் தெரியாது, கதிராமன் வாசித்தான். அங்கேயும் அவனைத் தங்கள் ஆள் என்று யாரும் ஏற்கவில்லையாம். மீன் காயப்போடும் இடத்தில் படுக்கிறானாம். வள்ளத்தில் ஏற்றிவிட ஒருவன் சம்மதித்திருக்கிறான், வரவா என்று கேட்டிருந்தான்.

"அண்ணன், இப்ப உங்களுக்கு எந்தக் கரையில காவல்?"

"நிலாவெளியில."

"அப்ப அங்க வந்து இறங்கட்டுமே. நீங்கள் காணாத மாதிரி நிண்டா என்ன?"

"நான் தனிய நிக்கிறேல்ல, பிள்ளை. பக்கத்தில வேற ஆக்கள். நிக்காத வள்ளத்துக்குச் சுடச் சொல்லி ஓடர். என்னால ஏலாது."

சீதேவி கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"அப்பிடியெண்டா எழுதுங்கோ, வரவேணாமெண்டு. ஏறச் சொன்னதும் நீங்கள்தானே. இதையும் உங்கட கையாலயே எழுதுங்கோ."

கதிராமன் தாள் எடுத்தான். நலம் விசாரித்து நாலு வரி எழுதினான். ஐந்தாம் வரியில், வரவேண்டாம் என்று எழுதினான்.