நாகம் பூசிய கண்ணாயி

கண்ணாயிக்கு வெயில் ஆகாது. மலைமேல் குண்டூர் நாட்டில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மற்றவர்கள் வெயிலில் கறுத்தால் அவள் சிவப்பாள். பதினாறாவது வயதில் ஒரு விஷக்காய்ச்சலில் மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்தாள். எழுந்தபோது பழைய தோலோடு எழவில்லை. உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாலே கன்னமும் மூக்கும் புறங்கையும் கன்றிவிடும். மறுநாள் நீர் கோத்துக் கொப்பளிக்கும். அது உடைந்து ஆறுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டாரும் பெண்ணைப் பார்க்கவில்லை, கொப்புளத்தைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"போனாப் போறாங்க. அவிய ஊட்டு வெயில்ல அவியளே காயட்டும்" என்று சொல்லி, அந்தப் பேச்சை அவள் அன்றோடு முடித்துவிட்டாள்.

அப்பன் மாதேஸ்வரனுக்கு ஆண் வாரிசு கிடையாது. அவர் போன பிறகு சரிவில் கிடந்த சாமைக்காடும், அதன் நடுவில் நின்ற பலாமரமும், மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த மிளகுக்கொடியும் கண்ணாயிக்கு வந்தன. கிழக்கு வெளுக்கும்போது காட்டில் இறங்குவாள். வெயில் சுடத் தொடங்கியதும் வீட்டுக்குள் போய்விடுவாள். சாயங்காலம் மறுபடியும் இறங்குவாள். இப்படியே பல விதைப்பு, பல அறுப்பு. அவள் முப்பத்துநாலு வயதுக்காரி ஆகிவிட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில்தான் வில்லங்கம் முளைத்தது. பெரியப்பா மகன் அர்த்தனாரி ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றான். மூன்று விதைப்புக்கு உடையவர் கை படாத காடு பங்காளிக்குப் போக வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"எங்காட்டுல எங்கை படலைன்னு ஆருண்ணா சொன்னது?" என்று கேட்டாள் கண்ணாயி.

"படுதுன்னுதான் ஆரு சொன்னது? பகல்ல உன்னையக் காட்டுல பாத்தவன் ஒருத்தனைக் காட்டு, பாக்கலாம்."

"நீ எந்திரிக்கறதுக்குள்ள நான் பாதிக்காட்டை முடிச்சுப்போடறேன். உங்கண்ணு தொறக்காததுக்கு எங்கையக் குத்தஞ் சொல்லுவியா?"

கூட்டம் சிரித்தது. அர்த்தனாரி சிரிக்கவில்லை. ஊர்க்கவுண்டர் குப்புசாமி தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். ஆவணிக் களைக்கு ஒரு நாள். வெயில் ஏறியதிலிருந்து சாயும்வரை நாலு பேர் பார்க்கக் கண்ணாயி தன் காட்டில் களை எடுக்க வேண்டும். எடுத்தால் காடு அவளுக்கு. பாதியில் கரையேறினால் அர்த்தனாரிக்கு.

"செரி கண்ணு?" என்றார்.

"செரிங்க மாமா" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஆவணிக் களைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

கையில் ஒரு மாதம் இருந்தது. முதலில் நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். வெயில் அவளைத் தாளித்து எடுத்துவிட்டது. கொப்புளம் ஆறியதும் நாமக்கட்டியை உரைத்துப் பூசினாள். பூசும்போது குளுகுளுவென்றுதான் இருந்தது. காய்ந்ததும் கோடைக்குளம் மாதிரி வெடித்தது, வேர்வை பட்டதும் பொரிந்து கொட்டியது. வெடிப்பு விழுந்த இடமெல்லாம் சிவப்புக் கோடு. முந்தானையால் முக்காடு போட்டுப் பார்த்தாள். களை எடுக்க இரண்டு கையும் வேண்டும், குனிந்தால் முக்காடு நழுவும். போதாக்குறைக்குப் பாறையில் பட்ட வெயில் கீழேயிருந்து முகத்தில் அடித்தது.

மாதத்தில் பாதி போய்விட்டது. அந்த வாரச் சந்தையன்று தேனும் தேன்மெழுகும் சுமந்துகொண்டு மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்கு இறங்கினாள். அவற்றை வாங்குகிறவர் சேக் மைதீன். நாட்டு மருந்துச் சரக்கு விற்கிற வியாபாரி. விஷயத்தைக் கேட்டதும் அவர் உள்ளேயிருந்து ஒரு குட்டிக் கண்ணாடிச் சிமிழை எடுத்து வந்தார்.

"ஸ்நோ. பட்டணத்துப் பொம்பளைங்க இதை மூஞ்சில பூசாம வாசப்படி தாண்ட மாட்டாங்க. மோந்து பாரு, மல்லிகைத் தோட்டம்!"

கண்ணாயி முகத்தில் வைக்கவில்லை. முழங்கையின் உள்மடிப்பில் துளி தடவினாள். அவர் மெழுகை எடைபோட்டு முடிப்பதற்குள் அங்கே செந்தட்டி இலை பட்டதுபோல் தடித்துவிட்டது.

"மணக்கறது எதுவுமே எனக்கு வேண்டாமுங்க" என்று சிமிழைத் திருப்பித் தள்ளினாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த சேக் மைதீனின் மனைவி ஜுலைகா பீவி, இடுப்பில் கைக்குழந்தையோடு கடைக்குள் வந்தாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"வெயிலுக்குப் போய் வாசனைத் தைலம் குடுக்கறாரு பாரு மனுசன்! இங்க வா கண்ணாயி, கையை நீட்டு."

ஒரே அளவில் இரண்டு வெள்ளைப் பொடிப் பொட்டலங்களை இரண்டு உள்ளங்கையிலும் வைத்தாள்.

"எது கனம்?"

"எடதுகையிதுங்க."

"அது ஈயவெள்ளை. கூத்தாடிங்க மூஞ்சில அப்பிக்கறது. எங்கம்மா ஊர்ல ராஜா வேஷம் கட்டினவர் அதைப் பூசிப் பூசி, கடைசியில மணிக்கட்டு தொங்கிப்போய்ச் சோத்தை அள்ள முடியாம உக்காந்துட்டாரு. அதைத் தொடாதே. சோத்தாங்கையில இருக்கறது நாகம். புள்ளைக்குத் தொடையிடுக்குல புண்ணு வந்தா இதைத்தான் பூசறேன். புள்ளைத் தோலுக்கு ஆவறது உனக்கும் ஆவும்."

"பொடியா வெச்சா வேர்வையில போயிருமே பீவி?"

"உன் மெழுகை எதுக்கு வெச்சிருக்கே? கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் வெளக்கெண்ணெய், அதுல பொடியைப் போட்டு அம்மியில வெண்ணெயாட்டம் அரை. பொடியில கஞ்சம் புடிச்சா வேலைக்கு ஆவாது. பூசினா தோலு தெரியக் கூடாது. வெளேர்னு இருக்கும், ஊர் சிரிக்கும். வெக்கப்பட்டுத் தேச்சு விட்டியோ, வெயில் உள்ளாற பூந்துரும்."

"சிரிக்கறவங்க பல்லுல கொஞ்சம் பூசி விடறேன்" என்றாள் கண்ணாயி. ஜுலைகா சிரித்த சிரிப்பில் குழந்தை வீறிட்டது.

களிம்பை அரைத்ததும் அவள் முகத்தில் பூசிவிடவில்லை. மூன்று நாள் முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தாள். அரிக்கவில்லை. பிறகு வலது புறங்கையில் பூசி, இடது கையை வெறுமனே விட்டு, இரண்டையும் பாறைமேல் நீட்டி வெயிலில் உட்கார்ந்தாள். மறுநாள் இடது கை கொப்பளித்தது. வலது கை அப்படியே இருந்தது. நெடுநேரம் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் முகத்தில் பூசிக்கொண்டு பட்டப்பகலில் தண்ணீருக்குப் போனாள்.

எதிரே அர்த்தனாரியின் மனைவி பாப்பாயி வந்தாள். "என்ன கருமம் புள்ள அது மூஞ்சில? சுண்ணாம்பா?"

"இல்லீங்க அண்ணி. நாகம்."

பாப்பாயி தூக்கி வந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர்களுக்கு நாகம் என்றால் துத்தநாகம். மலைமேல் நாகம் ஒன்றுதான். அது கண்ணாயியின் பலாமரத்தடிப் புற்றில் குடியிருந்தது. செவ்வாய்க்கிழமை பால் ஊற்றிக் கும்பிடுகிற புற்று. பொழுது சாய்வதற்குள் சேதி நாலு ஊருக்குப் போய்விட்டது. கண்ணாயி புற்று நாகத்தை அடித்து, காயவைத்து, இடித்து, முகத்தில் பூசிக்கொண்டு திரிகிறாள். அம்மிக்குப் பக்கத்தில் பாம்புச்சட்டை கிடந்ததைப் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். களிம்புச் சட்டி சீறியதைக் காதால் கேட்டதாக இன்னொருத்தி.

ஊர்க்கவுண்டர் மனைவியிடம் மட்டும் கண்ணாயி விளக்கம் சொல்லிப் பார்த்தாள். "பாம்பு இல்லீங்க அத்தை. ஈயம் பித்தளையாட்டம் அது ஒரு உலோகமுங்க. அதைப் பொடி பண்ணினது."

"பித்தளையைப் பொடி பண்ணி மூஞ்சில பூசுவாங்களா? போ சாமி. பாம்புன்னாலாச்சும் நம்பலாம்."

அதன் பிறகு அவள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

குறித்த நாள் வந்தது. ராத்திரி மழை பெய்து விட்டிருந்ததால் காலையிலேயே வெயிலில் கண் கூசியது. கண்ணாயி முகம், கழுத்து, கை, பாதம் எல்லாம் வெள்ளையாக வந்து நின்றாள். களிம்புச் சட்டி இடுப்பில். ஊர்க்கவுண்டரும் சாட்சிக்கு வந்த மூன்று பேரும் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள்.

அர்த்தனாரி சத்தம் போட்டான். "மொதல்ல மூஞ்சியைக் கழுவச் சொல்லுங்க! புத்து இருக்கற காட்டுல அந்தக் கருமத்தைப் பூசிட்டு எறங்கினா ஊருக்கே ஆகாது!"

குப்புசாமி தயங்கினார். "கழுவிப்போடு கண்ணு. வழக்கு வேற, சாமி காரியம் வேற."

"கழுவ மாட்டனுங்க மாமா. களை எடுக்கச் சொன்னீங்க, எடுக்கறேன். எந்த மூஞ்சியோட எடுக்கோணும்னு அன்னிக்குச் சொல்லலையே?"

"நாகம் பொல்லாதது, சாமி..."

"அடிச்சது நானுன்னா என்னையத்தானுங்க கடிக்கும்? கடிக்கட்டும். அண்ணனுக்குக் காடு சுளுவாக் கெடைக்குமல்லோ."

"இதுக்குள்ள நின்னு ஆரு பாக்கறது?" என்றார் சாட்சிகளில் ஒருவர். வரப்பிலிருந்தும் பின்வாங்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள ஏனுங்க நிக்கறீங்க? அந்தப் பாறை மேல ஏறி நின்னு பாருங்க. நாந்தான் வெள்ளையா இருக்கறனே, எத்தனை தூரத்துக்கும் தெரிவேன்!"

சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் காட்டில் இறங்கிக் குனிந்தாள்.

எதிர்ச்சரிவில் இருந்தது அந்த மொட்டைப் பாறை. காடு முழுவதும் தெரிகிற இடம் அது ஒன்றுதான். ஒரு செடியின் நிழல்கூட அங்கே கிடையாது. ஐந்து பேரும் போய் ஏறி நின்றார்கள். பச்சைச் சாமைக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி ஒவ்வொரு உழவுச்சாலாக நகர்ந்துகொண்டிருந்தது. வேர்வை வழிகிறபோதெல்லாம் கண்ணாயி நிமிர்ந்து, மூக்கிலும் கன்னத்திலும் மறுபடி களிம்பை அப்பிக்கொண்டு குனிவாள். பொடி கண்ணில் இறங்கிக் கரித்தது. இடுப்பு கடுத்தது. கழுத்தில் சுரீரென்று எரிகிற ஒவ்வொரு முறையும், போயிற்று, கொப்பளிக்கப் போகிறது என்று நினைத்தாள். கையை மட்டும் நிறுத்தவில்லை.

உச்சியில் பாறை கொதித்தது. சாட்சிகளில் ஒருவர் தண்ணீர் குடித்து வருவதாகச் சொல்லி இறங்கினார். "நாலு பேருன்னா நாலு பேருங்க! ஒருத்தர் கொறைஞ்சாலும் நாளைக்கு மொதல்ல இருந்து எடுக்கச் சொல்லுவாரு எங்கண்ணன்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவர் திரும்ப ஏறினார். அர்த்தனாரி துண்டை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டான், பிறகு அதை விரித்துக் காலடியில் போட்டுக்கொண்டான்.

குப்புசாமியின் வழுக்கை, பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு விடுவிடுவென்று பாறையிலிருந்து இறங்கி, காட்டுக்குள் நடந்து, பலாமர நிழலில் புற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மற்ற நால்வரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். புற்று சீறவில்லை. ஒன்றும் வரவில்லை. சற்றைக்கெல்லாம் மூன்று சாட்சிகளும் வந்து நிழலில் ஒடுங்கினார்கள். அர்த்தனாரிதான் தனியாகப் பாறைமேல் நின்றான்.

பொழுது சரியத் தொடங்கியதும் குப்புசாமி கூப்பிட்டார். "போதும், கரையேறு கண்ணாயி. காடு உனக்குத்தான்."

"சாயற வரைக்கும்னு சொன்னீங்களே மாமா. இன்னும் சாயலைங்க."

அவள் அடுத்த சாலுக்கு நகர்ந்தாள்.

மறுநாள் அவளுக்கு முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு காது மட்டும் பொத்துப்போய் நீர் கோத்திருந்தது. காதில் பூச மறந்திருக்கிறாள். நாலு நாள் படுத்துக் கிடந்து, பச்சிலை வைத்து ஆற்றிக்கொண்டாள். ஐந்தாம் நாள், வெயில் நன்றாக ஏறிய பிறகு, களிம்புச் சட்டியோடு காட்டை நோக்கி நடந்தாள்.

பாப்பாயி தன் வாசலில் நின்று கேட்டாள். "அதான் காடு உனக்குன்னு ஆயிப்போச்சே? ஆரு பாக்கறாங்கன்னு இன்னும் இந்த வெயில்ல போறே?"

"மத்தியானத்துல எங்காடு எப்பிடி இருக்கும்னு பதினெட்டு வருசமா நான் பாக்கலைங்க அண்ணி. அன்னிக்குக் குனிஞ்ச தலையோட களையத்தான் பாத்தேன்" என்றாள் கண்ணாயி. காது மடலில் வெள்ளையை இன்னொரு தடவை கனமாக இழுத்துவிட்டுக்கொண்டு சரிவில் இறங்கினாள்.