அம்மா மாற்றிய தோட்டம்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தை மாற்றியே ஆக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். மொரப்பூரில் ரயிலேறி அவளும் அப்பாவும் அடிக்கடி சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்த சமயம். வயிற்றில் புண், மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அம்மா கை காட்டுவாள். அப்பா கடப்பாரையால் குழி எடுப்பார். சமையலறை வாசலிலேயே ஒரு கறிவேப்பிலைக் கன்று வந்தது. பாத்திரம் கழுவும் தண்ணீர் தானாகக் கீரைப் பாத்திக்குப் பாய்ந்தது. ஓங்கி வளர்ந்திருந்த முருங்கையைத் தாழ வெட்டினார்கள். துணிக்கொடி கட்டும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டு, கையைத் தூக்கச் சொல்லி, எனக்கு எட்டும் உயரத்தில் ஆணி அடித்தார் அப்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலியோரத்தில் அம்மா ஆசையாக வளர்த்த குண்டுமல்லி இருந்தது.

"அதையும் எடுத்துருங்க. தக்காளி வெச்சா வூட்டுக்கு ஆவும்."

"அது ஒண்ணு கெடக்கட்டும் உடு" என்றார் அப்பா.

"தெனம் பறிச்சுக் கட்ட யாருக்குங்க நேரம் இருக்கும்? நீங்க வேலைக்குப் போயிருவீங்க, இவ பள்ளிக்கூடம் போயிருவா."

"நீதான் வூட்ல இருக்கியேம்மா" என்றேன் நான்.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஆமா கண்ணு, மறந்தே போயிட்டேன்" என்றாள். அப்பா கைகழுவத் தொட்டிப் பக்கம் போனவர், வெகுநேரம் திரும்பி வரவில்லை.

மழைக்காலத்துக்கு முன்பே அம்மா போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும், பொம்மிடியில் இருந்த சித்தி என்னைத் தன்னோடு அழைத்துப் போகிறேன் என்றாள். "பொட்டப்புள்ளைய வெச்சுக்கிட்டு தனியா என்னங்க மாமா பண்ணுவீங்க?" என் துணிமணிகளைப் பையில் அடுக்கிவிட்டு, கொடியில் கிடந்த பாவாடையை எடுக்கச் சித்தி பின்பக்கம் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடியும் பீரோவில் வைத்தாள். "புள்ள இங்கயே இருக்கட்டுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

சித்தி மனசு மாற அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் ஓடிப்போய்ப் பார்த்தேன். வெறும் செடிகளும், என் கைக்கு எட்டும்படி கட்டிய அந்தக் கொடியும்தான் இருந்தன.