பதினான்காம் போர்ட்டில் ஏறிய பிழைகள்

என் தம்பி ஒரு பெரிய மருத்துவமனையில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறான். அவன் ஸ்விட்ச் என்று சொன்னால் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. வரிசையாக நாற்பத்தெட்டு ஓட்டைகள் உள்ள ஒரு தட்டையான பெட்டி. ஒவ்வோர் ஓட்டைக்கும் போர்ட் என்று பெயர். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரு கேபிள் வந்து ஒரு போர்ட்டில் செருகியிருக்கும். எந்தப் போர்ட் வழியாக எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது, வந்ததில் எத்தனை கெட்டுப்போய் வந்தன என்று பெட்டியே எண்ணி வைத்துக்கொள்ளும்.

தம்பி தினமும் காலையில் அந்த எண்களைத் திரையில் வரவழைத்து, கெட்டவற்றின் எண்ணிக்கையை மட்டும் ஒரு நீள நோட்டில் கையால் எழுதுவான். முந்தின நாள் எண்ணைக் கழித்துப் பார்ப்பான். ஒன்றும் ஏறவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு புள்ளி. அதனாலேயே அங்கே அவனுக்குப் ‘புள்ளி சார்’ என்று பட்டப்பெயர். நான் எட்டாவதோடு நின்றவள்; சீருடை தைக்கும் இடத்தில் துணி வெட்டுகிறேன். கால் அங்குலம் பிசகினால் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், அவன் நோட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் புதுக் கட்டிடம் எழும்பியது. அதன் நெட்வொர்க் முழுவதும் யார் பொறுப்பு என்று ஒரு சனிக்கிழமை சொல்வதாகத் தலைமை அதிகாரி அறிவித்திருந்தார். தனக்குத்தான் என்று தம்பி நினைத்திருந்தான். எந்த மாடியில் எந்தப் பெட்டி என்று எங்கள் வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் படம்கூடப் போட்டுவிட்டான். அப்போதுதான் அவன் பிரிவில் ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். வயது இருபத்தாறு. வந்த மாதமே சுவரில் ஒரு பெரிய திரையை மாட்டி, எல்லாப் போர்ட்டின் போக்குவரத்தையும் பச்சைக் கோடுகளாக ஓடவிட்டாள். தலைமை அதிகாரி விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டினார். தம்பியின் நோட்டை அவர் யாருக்கும் காட்டியதில்லை.

“பச்சைக் கோடு ஓடுதாம், பச்சைக் கோடு! இருதய வார்டுல ஓடாத கோடா?” என்பான் சாப்பிடும்போது.

“உனக்கு வயிறு எரியுதுடா.”

“நீ போட்ட மிளகாய்தான் எரியுது.”

அவளுக்கு அவன் வைத்த பெயர் ‘திரைக்காரி’. அவள் என்ன நிறத்தில் பை கொண்டுவந்தாள், தலைமை அதிகாரி அவளிடம் எத்தனை நிமிடம் பேசினார் என்பது வரை எங்கள் வீட்டுக்குத் தகவல் வந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு எக்ஸ்ரே அறைக்குப் புது மெஷின் வந்தது. திரைக்காரிதான் கேபிளைச் செருகினாள். திங்கட்கிழமையிலிருந்து எடுத்த படங்கள் டாக்டர்களின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர அரை மணி, முக்கால் மணி ஆயிற்று. அவள் கோட்டைப் பார்த்து, “லைன்ல நெரிசலே இல்ல, நூத்துக்கு எட்டு பங்குதான் ஓடுது. மெஷின்லதான் கோளாறு” என்றாள். மெஷின்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள்.

வியாழக்கிழமை வேலை செய்யும் இடத்துப் படியில் என் கணுக்கால் புரண்டுவிட்டது. அதே மருத்துவமனைக்குப் போனேன். படம் எடுத்துவிட்டு, எனக்கு முன்னால் எடுத்தவர்களின் படங்களே போய்ச் சேராமல் நின்றதால், எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் இரண்டு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் குழந்தை, நான்கு வயதிருக்கும். வீங்கிய கையை அம்மா மடியில் வைத்துக்கொண்டு, அழுது முடித்துத் தேம்பிக்கொண்டிருந்தது.

எக்ஸ்ரேக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “புள்ளி சாரோட அக்காதானே? ஒரு எலும்பு மூணாவது மாடிக்குப் போறதுக்குள்ள ஆளே நடந்து போயிடலாம் போல. சார்கிட்ட நீங்களாவது சொல்லுங்கம்மா.”

“அவனுக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன? செவ்வாய்க்கிழமை வந்து கேபிளை எல்லாம் தொட்டுப் பார்த்தாரு. ஒண்ணும் சொல்லலை. சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு.”

அந்தச் சிரிப்புதான் என்னை உறுத்தியது. சாயந்திரம் அவன் வந்ததும் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பதினான்காம் போர்ட். ஞாயிறு வரை புள்ளி, புள்ளி, புள்ளி. திங்கள் 212. செவ்வாய் 5,870. புதன் 6,304. வியாழன் 6,911.

“இது என்னடா?”

முதலில் மழுப்பினான். நான் விரலை எடுக்காததால் சொன்னான். “கேபிளோட ரெண்டு முனையும் ஒரே மாதிரி பேசணும்க்கா. ஒரு முனை, ரெண்டு பேரும் சேர்ந்தே பேசலாம்னு பேசிக்கிட்டே இருக்கு. இன்னொரு முனை, நீ முடி, அப்புறம் நான்னு காத்துக்கிட்டு இருக்கு. முட்டிக்குது. படம் பாதி கெட்டுப்போய் திரும்பத் திரும்பப் போகுது. எவ்வளவு ஓடுதுன்னுதான் கோடு காட்டும். எவ்வளவு கெடுதுன்னு காட்டாது.”

“சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு நிமிஷம்.”

“அப்புறம் ஏன்டா செவ்வாய்க்கிழமையிலேருந்து?”

“அவ செருகினது. அவதான் அமைப்பைத் தப்பா வெச்சிருப்பா. சனிக்கிழமை பெரியவர் முன்னாடி மெஷின்ல கோளாறுன்னு அவ வாயாலயே சொல்லட்டும். அப்புறம் நான் நோட்டைத் திறக்கறேன்.”

“இன்னைக்கு ரெண்டு மணி பத்து நிமிஷம் அந்த பெஞ்சுல இருந்தேன். பக்கத்துல ஒரு குழந்தை, கை வீங்கிப்போய். அதுக்கு உன் சனிக்கிழமை தெரியுமா?”

அவன் என் காலைப் பார்த்தான். “எனக்கு போன் பண்ணியிருக்கலாமே?”

“பண்ணியிருந்தா என் படத்தை மட்டும் தூக்கிட்டு ஓடியிருப்ப.”

அவன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தான்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கே கிளம்பிப் போய்விட்டான். பிறகு நடந்ததை அவனே சொன்னான். பதினான்காம் போர்ட்டின் அமைப்புப் பக்கத்தைத் திரையில் திறந்திருக்கிறான். காத்திருக்காதே, பேசிக்கொண்டே இரு என்று அது இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கீழே ஒரு குறிப்பு: ‘எக்ஸ்ரே மெஷின். இதைத் தொடாதீர்கள்.’ தேதி ஆறு வருடத்துக்கு முந்தியது. பக்கத்தில் அவனுடைய பெயரின் முதலெழுத்துகள். பழைய மெஷினுக்கு அப்படித்தான் தேவைப்பட்டது. அவனேதான் கட்டி வைத்தான். தினமும் எண்ணைக் கழித்தவன், நான்கு நாளாக அந்தப் பக்கத்தை மட்டும் திறக்கவே இல்லை. அவள் தப்பு என்பதில் அவனுக்கு அத்தனை நிச்சயம், அத்தனை ஆசை.

அவள் வந்ததும் கேட்டிருக்கிறான். “இந்தக் குறிப்பைப் பார்த்தியாம்மா?”

“பார்த்தேன் சார். மாத்திப் பார்க்கலாம்னுதான் தோணிச்சு. ஆனா நீங்க எழுதினா அதுக்குக் காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்.”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றான் என்னிடம். இரண்டு முனையும் தாங்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்று அமைப்பை மாற்றினான். ஐந்து நிமிடத்தில் எக்ஸ்ரேக்காரர் போனில், “எலும்பெல்லாம் பறக்குது சார்!” என்று கத்தினாராம்.

சனிக்கிழமை, படங்கள் தாமதமானதற்குக் காரணம் என்ன என்று தலைமை அதிகாரி கேட்டார். ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தம்பி நோட்டை அப்படியே அவர் முன் வைத்தான். குறிப்பு தன்னுடையது என்றும் சொன்னான்.

அவர் தேதிகளைப் பார்த்தார். “அப்போ செவ்வாய்க்கிழமையே தெரியுமா?”

“தெரியும் சார்.”

“ஏன் சொல்லலை?”

“பொறாமை சார்.”

புதுக் கட்டிடத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். தம்பி வீட்டுக்கு வந்து காலண்டரைத் திருப்பி மாட்டினான். என் தம்பி என்பதால் சொல்லவில்லை, அந்த அறையில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எத்தனை பேருக்கு நாக்கு வரும்?

அதனால் அவன் திருந்திவிட்டான் என்று எழுதினால் அது பொய். இப்போது அவள் திரையில் பிழைகளின் எண்ணிக்கையும் சிவப்பில் வருகிறது. “என் எண்ணை எடுத்துச் சிவப்புப் பூசி வெச்சிருக்கா, பார்க்கறவங்க எல்லாம் ஆகா ஓகோங்கறாங்க” என்று பொருமுகிறான். புதுக் கட்டிடத்து எண்களையும் யாரும் கேட்காமலே தினமும் பார்க்கிறான்.

நேற்று சாப்பிடும்போது சொன்னான், “அவ கட்டிடத்துல முப்பத்தொண்ணாம் போர்ட்ல மூணு பிழை.”

“அவகிட்ட சொன்னியா?”

“பார்த்த உடனே சொன்னேன். அவ அதுக்கு முன்னாடியே பார்த்துட்டாளாம்” என்று தட்டைத் தள்ளி வைத்தான்.